கூரை பார்க்க வந்தவர்கள்

மகொமேனியில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்றால் அந்த வீட்டுக் கோழிக்குத் தெரிவதற்கு முன்னால் சலாமாவுக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். அது வெறும் புகழ்ச்சி அல்ல. யார் வீட்டு மூத்த மகன் வெளியூரிலிருந்து வந்து இன்னும் திரும்பிப் போகவில்லை, யார் திடீரென்று முன்சுவருக்கு மட்டும் வெள்ளையடிக்கிறார்கள், எந்த வீட்டில் அண்ணன் தம்பிகள் வாசலில் நின்று பேசிவிட்டு உள்ளே போகாமலே பிரிகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். தாருஸ்ஸலாம் பட்டணத்தில் ஆம்பிளைத் தரகர்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அடுக்களைவரை போய், தண்ணீர் வருகிறதா வரவில்லையா என்று குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு வருகிற தரகர் அவள் ஒருத்திதான்.

பெரிய சாலையிலிருந்து அவள் தெருவுக்குள் திரும்பும் முக்கில் ஒரு வேப்பமரம். மரத்தில் ஆணியடித்த பலகையில் 'அறை, வீடு, மனை' என்று எழுதி, கீழே போன் நம்பர்கள். அதற்கடியில் கிடக்கும் பெஞ்சுதான் அவர்களுக்கு ஆபீஸ். சலாமா, பெம்பா தீவிலிருந்து வந்து இங்கேயே தலை நரைத்துப்போன மக்காமே, இன்னும் வருவதும் போவதுமாக நாலைந்து பேர். எதிரில் பிலியின் டீக்கடை. இஞ்சி தட்டிப்போட்ட பாலில்லா டீயும், எண்ணெய் சொட்டும் மந்தாஸி ரொட்டியும், மிளகாய் உப்புத் தூவிய மரவள்ளி வறுவலும் அங்கிருந்துதான் வரும்.

மசிகா மழைக்காலம் தரகர்களுக்கு அலைச்சல் காலம். ம்சிம்பாசி ஆறு கரையேறி வந்து தாழ்ந்த வீடுகளுக்குள் புகுந்துவிடும். அங்கே குடியிருந்தவர்கள் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் அறை தேடி வருவார்கள். சலாமா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, இடுப்பில் சுற்றிய கங்காத் துணியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் அவர்களை இழுத்துக்கொண்டு நடப்பாள். வீட்டுக்காரர்களின் குணம் அவளுக்கு அத்துபடி. ஒருத்தர் கல்யாணமாகாத பையன்களுக்கு விடமாட்டார். ஒருத்தி சமைக்கும்போது கருவாட்டு வாசம் வந்தால் காலி பண்ணச் சொல்வாள். மின்சாரம் பொதுமீட்டராக இருந்தால் இஸ்திரிப்பெட்டி வைத்திருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பஸ்ஸுக்கென்று தனிச்சாலை போட்ட பிறகு மகொமேனியின் மவுசே வேறாகிவிட்டது. பழைய தகரக்கூரை வீடுகளை வாங்கி இடித்துவிட்டு மாடி மாடியாக எழுப்பினார்கள். அறை காட்டிக்கொண்டிருந்த சலாமாவும் வீடு காட்ட ஆரம்பித்தாள்.

அன்று காலையில்தான் மழை விட்டிருந்தது. பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தவளுக்கு பக்கத்து வட்டாரமான இலாலாவிலிருந்து ராஜபு என்ற தரகன் போன் செய்தான். அவனை அவள் நேரில் பார்த்ததில்லை.

"அக்கா, உங்ககிட்ட ஒரு மோஷிக்காரர் வீடு கேட்டுக்கிட்டு இருக்காராமே? நம்மகிட்ட ஒண்ணு இருக்கு. பழைய காலத்து வீடு. நடுவுல நடை, ரெண்டு பக்கமும் மூணு மூணு ரூமு. பின்னால முத்தம். இடிச்சிட்டுக் கட்டிக்கலாம். வில்லங்கம் ஒண்ணும் இல்ல."

"எந்தப் பக்கம்?"

"உங்க பக்கம்தான். மகொமேனி."

"மகொமேனியா? எந்தத் தெரு?"

"அதைப் போன்ல சொல்லிட்டு அப்புறம் நான் எங்கக்கா போறது? தொழில் தெரிஞ்சவங்க நீங்க. பார்ட்டியைக் கூட்டிக்கிட்டுப் பெட்ரோல் பங்குக்கு வந்துடுங்க. மதியத்துக்குள்ள பாத்துடணும். வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்லியிருக்காரு."

"மதியத்துக்கு மேல போனா என்னவாம்?"

"வீட்டம்மா காலையிலதான் வெளிய போகுமாம். அதுக்கு இன்னும் விஷயம் தெரியாதாம். கையெழுத்துப் போடறப்ப சொல்லிக்கலாம்னு இருக்காரு."

சலாமா சிரித்துவிட்டாள். "ஆம்பளைங்க எல்லாம் ஒரே மண்ணுல பிடிச்ச பானைதான்."

போனை வைத்ததும் அவளுக்குச் சிரிப்பு போய் எரிச்சல் வந்தது. மகொமேனி வீடு, தனக்குத் தெரியாமல் இலாலாக்காரன் கையில்! மக்காமே பக்கம் திரும்பினாள்.

"மக்காமே அண்ணே, நம்ம ஏரியாவுல ஆறு ரூம் வீடு ஒண்ணு விலைக்கு வந்திருக்காம். எனக்கே தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

மக்காமே டீயை உறிஞ்சினார். கோப்பையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "என்னத்தக் கண்டேன்."

"பொய் சொல்லாதீங்க. உங்க மூக்குக்குத் தெரியாம எந்த வீடு போச்சு?"

"இன்னைக்கு வேண்டாம் சலாமா. வானத்தைப் பாரு, திரும்பக் கொட்டப் போகுது. பார்ட்டியை நாளைக்கு வரச்சொல்லு."

"நாளைக்குள்ள வேற எவனாவது முடிச்சிடுவான்."

"முடிக்கட்டுமே." அவர் எழுந்து பிலியின் கடைப்பக்கம் போய் நின்றுகொண்டார். பிலியும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவருக்கு இந்த வீட்டில் பங்கு கிடைக்காத வயிற்றெரிச்சல் என்று சலாமா நினைத்துக்கொண்டாள்.

வடக்கே மோஷி ஊரிலிருந்து வந்த அந்தப் பார்ட்டியின் பெயர் மசாவே. காரியாகோ சந்தையில் இரும்புக்கடை வைத்திருப்பவர். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ராஜபு பெட்ரோல் பங்கில் குடையோடு காத்திருந்தான். ஒல்லியான ஆள், வாய் ஓயாது. மூன்று பேரும் சந்துக்குள் இறங்கி நடந்தார்கள். தண்ணீர்க்காரனின் தள்ளுவண்டி சேற்றில் சிக்கி நின்றது. தேங்கிய குட்டையில் யாரோ செங்கல் போட்டிருந்தார்கள், அதில் ஒவ்வொருவராகத் தாவினார்கள்.

"ஏம்மா," என்றார் மசாவே, "வீட்டுக்காரிக்குத் தெரியாதுன்னு இவன் சொல்றானே. நாளைக்கு நமக்குத் தலைவலி ஆகாதே? போன தடவை ஒரு வீடு பேசி முடிச்சேன். அந்தம்மா நடுவாசல்ல படுத்துக்கிச்சு."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க. நான் பாக்காததா? பொம்பளைங்க ரெண்டு நாளைக்கு அழுவாங்க. மூணாம் நாள் பாத்திரத்தைக் கட்டுவாங்க. நீங்க புருஷன்கிட்ட பேச்சை முடிங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

மருந்துக்கடையில் இடதுபக்கம் திரும்பினார்கள். ஃபெரூஸி வீடாக இருக்கும் என்று எண்ணினாள் சலாமா. அவர் மகன்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை. ஆனால் ராஜபு ஃபெரூஸி வீட்டைத் தாண்டிப் போனான். அப்படியானால் பள்ளிவாசலை ஒட்டிய விதவையம்மா வீடு. அதையும் தாண்டினான். அடுத்த திருப்பம் அவளுடைய தெரு. சலாமாவுக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது. 'என் தெருவிலேயே ஒரு வீடு! எனக்குத் தெரியாமல்! எங்க வீட்டுல ரூக்கியா அப்பாகிட்ட சொன்னால் நாலு நாளைக்கு என்னைக் கேலி பண்ணுவார்.'

முதலில் அவளுக்குப் பட்டது வாசனைதான். தேங்காய்ப்பாலில் பயறு வேகும் வாசனை. அதற்கான பயறைக் காலையில் அவள்தான் களைந்து ஊறப்போட்டுவிட்டு வந்திருந்தாள்.

ராஜபு நீலக்கதவின் முன்னால் நின்று, குடையை மடக்கி, கூப்பிட்டான்.

"ஹோடி!"

உள்ளே வரலாமா என்று யார் வீட்டு வாசலிலும் நின்று எவரும் கூப்பிடுகிற கூப்பாடுதான். ஆனால் தன் வீட்டு வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, ஒரு அந்நியன் அதைச் சொல்லக் கேட்கும்போது, சலாமாவுக்கு அந்த வார்த்தையின் பொருள் சட்டென்று மறந்துபோனது. இவன் எதற்கு இங்கே நிற்கிறான்? வழி கேட்கப் போகிறானா?

"கரிபு, வாங்க வாங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மகள் ரூக்கியா கதவைத் திறந்தாள். விரலெல்லாம் தேங்காய்த் துருவல். ராஜபுவைப் பார்த்துச் சிரித்தாள், தெரிந்தவனைப் பார்க்கிற சிரிப்பு. பிறகு பின்னால் நின்ற தாயைப் பார்த்தாள்.

"அட, அம்மா! நீயும் வந்துட்டியா? அப்பா சொன்ன கூரை பாக்கற ஆளுங்களைக் கூட்டிக்கிட்டா வந்தே? இன்னும் எத்தனை பேருதான் பாப்பாங்களோ. போன வாரம் வந்தவங்க அடுக்களைய எல்லாம் அளந்துட்டுப் போனாங்க. கூரைக்கு எதுக்குடா அடுக்களைய அளக்கணும்னு நானும் அப்பாகிட்ட கேட்டேன். அதெல்லாம் கணக்குக்கு வேணும்னாரு."

ராஜபுவின் முகத்தில் ரத்தம் செத்துப்போனது. "அக்கா," என்றான். "அக்கா, இது..." மடக்கிய குடையை மறுபடி விரித்தான்.

மசாவேக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போகலாமா என்பதுபோல் சலாமாவைப் பார்த்தார். எத்தனையோ வருஷப் பழக்கம் அவளுக்கு முன்னால் போய்க் கதவை அகலத் திறந்துவிட்டது. அவள் நாக்கும் தானாகவே பேச ஆரம்பித்தது.

"உள்ள வாங்க. இதான் நடை. நல்ல அகலம், கட்டில் பீரோ எதுவும் தடையில்லாமப் போகும். இந்தப் பக்கம் முன்ரூமு. காலை வெயில் நேரா உள்ள விழும். அடுத்தது படுக்கற ரூமு."

படுக்கையறைக் கதவைத் தள்ளினாள். காலையில் அவள் மடித்துவைத்த கொசுவலை. கணவனின் தொழுகைத் தொப்பி ஆணியில். அவள் இதை ஏதோ வாடகைக்காரர் அறையைப்போலத்தான் பார்த்தாள். இந்தக் குடும்பம் சுத்தமான குடும்பம் என்று அவளுக்குத் தோன்றியது.

"மேல என்னங்க கறை?" என்றார் மசாவே.

"ஒழுக்கு. போன மழைக்குத் தார் பூசினது. சரியா பிடிக்கல. நானே ஏறிப் பூசினேன், கை நடுங்கிடுச்சு."

"நீங்களா?"

அவள் நடையைக் கடந்தாள். "எதிர்ப்பக்கம் ரெண்டு ரூமு வாடகைக்கு விட்டிருக்கு. மூணாவதுல பொண்ணு படுத்துக்கும். பின்முத்தம் பாருங்க. தண்ணித்தொட்டி புதுசு. கழிவுநீர்க்குழி ரெண்டு வருஷம் தாங்கும். ஆறு இதுவரைக்கும் இங்க ஏறினதில்ல. ஒரே ஒரு தடவை படிவரைக்கும் வந்துச்சு, அப்ப இவளை வயித்துல வெச்சிருந்தேன், நாற்காலி மேல ஏறி உக்காந்து..."

அத்தோடு குரல் நின்றது. முற்றத்துக் கொடியில் அவளுடைய துணிகள் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. தேங்காய்த் துருவியும் பாதித் தேங்காயும் தரையில் கிடந்தன. ரூக்கியா ஒன்றும் புரியாமல் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றார் மசாவே மெதுவாக, "இது யார் வீடு?"

"என் வீடு."

"விக்கறீங்களா?"

"இப்பத்தான் தெரியும்."

மசாவே தன் கால்களைப் பார்த்தார். நடையெங்கும் அவருடைய பூட்ஸ் சேறு பதிந்திருந்தது. "மன்னிச்சுக்குங்கம்மா," என்றார். "பூட்ஸைக் கழட்டாம உள்ள வந்துட்டேன்." சுவரோரமாக, பதிந்த தடத்திலேயே கால் வைத்து வெளியே போனார். ராஜபு அவருக்கு முன்பே தெருவில் இருந்தான்.

"அம்மா, அவங்க கூரைக்காரங்க இல்லையா?" என்றாள் ரூக்கியா.

சலாமா தரையைத் துடைக்கத் துணி தேடினாள். துணி கையிலேயே இருந்தது.

அவள் திரும்ப வேப்பமரத்தடிக்கு வந்தபோது பெஞ்சில் எல்லோரும் இருந்தார்கள். ஒருவரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்."

மக்காமே தலையாட்டினார்.

"எத்தனை நாளா?"

"நோன்புக்கு முன்னாலருந்து. உன் புருஷன் கிப்வானா முதல்ல என்கிட்டதான் வந்தான். நான் தொடமாட்டேன்னுட்டேன், சலாமா. அல்லாஹ் மேல ஆணையா. அப்புறம்தான் அவன் இலாலாவுக்குப் போனான்."

"தொடமாட்டேன்னு அவர்கிட்ட சொல்லத் தெரிஞ்சுதே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாயில்லாமப் போச்சா? தெனம் பக்கத்துல உக்காந்து என் மந்தாஸியப் பிட்டுத் தின்னீங்களே!"

"புருஷன் பொண்டாட்டி விஷயம். நான் எப்படி நடுவுல வரது? பிலி சொல்லிடுவான்னு நெனச்சேன். பொம்பளைக்குப் பொம்பளை."

"நானா?" பிலி கரண்டியோடு திரும்பினாள். "நான் நீங்க சொல்லியிருப்பீங்கன்னு இருந்தேன். இவ சிரிச்சுக்கிட்டே வரதப் பாத்து, ஆஹா, தெரிஞ்சும் எவ்ளோ தைரியமா இருக்கான்னு நெனச்சேன்."

சலாமா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த முகங்கள்தான். ஆனால் நோன்பு மாதம் முழுக்க, பெருநாள் முழுக்க, இந்த முகங்கள் அவளுக்கு முன்னால் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. பெருநாளன்று பிலாவ் சோறு வாங்கித் தின்றுவிட்டு வாழ்த்தியது இதே வாய்கள். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்குமோ என்று தோன்றியது. தண்ணீர்க்காரனுக்கு? மருந்துக்கடைக்காரருக்கு? ஊருக்கே வீடு சொன்னவளுக்குத் தன் வீட்டைச் சொல்ல ஊரில் ஓர் ஆள் இல்லை.

"உக்காரு, ஒரு டீ குடி," என்றாள் பிலி.

"வேண்டாம்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

கிப்வானா கடற்கரை மீன்சந்தையில் ஏலம் விடுகிறவன். விடியுமுன் போய், படகுகள் கரைசேர்ந்ததும் மேடையில் ஏறி நின்று, கூடை கூடையாக விலை கூறுவான். அவன் குரல் அலையைத் தாண்டிப் படகுக்குக் கேட்கும் என்பார்கள். நண்பகல் லுகர் தொழுகை முடிந்து, ஓலைப்பையில் இரண்டு மீனோடு வந்தான். வாசலில் காய்ந்துகொண்டிருந்த சேற்றுத்தடங்களைப் பார்த்துவிட்டு நின்றான். சலாமா துடைக்காமல் விட்டுவிட்டிருந்தாள்.

"யாரு வந்தது, ரூக்கியாம்மா?"

"கூரை பாக்கற ஆளுங்க. நான்தான் கூட்டியாந்தேன்."

அவன் மீனைத் தரையில் வைத்தான். உட்கார இடம் தேடுகிறவன்போல் சுற்றிலும் பார்த்துவிட்டு, உட்காராமலே நின்றான்.

"மோஷிக்காரரு ஒருத்தரு. வீட்டைச் சுத்திக் காட்டினேன். படுக்கற ரூமைக்கூடக் காட்டினேன். உங்க தொப்பி மாட்டியிருக்கிற ஆணியைக் காட்டினேன். இன்னும் என்னெல்லாம் காட்டணும், சொல்லுங்க."

"அண்ணன்தான்," என்றான் கிப்வானா. "அதுமானி அண்ணன் டாங்காவுலேருந்து போன் மேல போன். பஸ் வாங்கணுமாம் அவருக்கு. வாப்பா வீட்டுல பாதி அவருது. விலை இப்ப இருக்கிற மாதிரி இனி இருக்காதுங்கறாரு. நான் என்ன சொல்லட்டும்? வாப்பா போனதுலேருந்து அவரு சொல்லி நான் மீறினது கிடையாது."

"அவர்கிட்ட மீற வேண்டாம். என்கிட்ட சொல்லலாம்ல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். நோன்பு தொறக்கறப்ப சொல்லலாம்னு உக்காருவேன். நீ கஞ்சியை ஊத்திக் குடுப்ப. சரி, நல்ல நேரத்துல எதுக்குன்னு விட்டுடுவேன். அப்புறம் பெருநாள் வந்துடுச்சு."

"பெருநாள் போயும் எத்தனையோ நாள் ஆச்சு."

"நீ தரகு பண்றவ. எப்படியும் யாராவது உன் காதுல போட்டுடுவாங்கன்னு நெனச்சேன். நீயே வந்து என்னைத் திட்டுவ, அப்பப் பேசிக்கலாம்னு இருந்தேன்."

சலாமா மீன்பையை ஓரமாக நகர்த்திவைத்தாள். "அப்ப நீங்க, மத்தவங்க சொல்லட்டும்னு இருந்தீங்க. மத்தவங்க நீங்க சொல்லிட்டீங்கன்னு இருந்தாங்க. நான் மட்டும் பயறு ஊறப்போட்டுக்கிட்டு இருந்தேன்."

"எனக்கு வர பாதியில சனிக்காவுல மனை பாத்திருக்கேன். பெரிய மனை. மாமரம் இருக்கு."

"சனிக்காவுலயா? பஸ் ஏறி இறங்கி, இன்னொரு பஸ் ஏறிப் போற இடம். அங்க நான் யாருக்கு வீடு காட்டறது? மரவள்ளிச் செடிக்கா? உங்களுக்கு ராத்திரியே கிளம்பினாத்தான் விடியறதுக்குள்ள சந்தைக்கு வர முடியும். யோசிச்சீங்களா அதை?"

அவன் யோசிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நீ தெனமும் வீடு விக்கறவ," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "உனக்கு வீடுன்னா செவுரும் தகரமும்தான், நீ பெருசா எடுத்துக்கமாட்டேன்னு..."

அந்த வார்த்தை அவளை அறைந்தது. காலையில் மசாவேயிடம் தான் சொன்னது நினைவுக்கு வந்தது. ரெண்டு நாள் அழுவார்கள், மூணாம் நாள் பாத்திரத்தைக் கட்டுவார்கள். எத்தனை அடுக்களைகளில் நின்று அவள் அளந்திருக்கிறாள்! மாவு பிசைந்த கையோடு திரும்பிப் பார்த்த பெண்களிடம், 'ஒண்ணுமில்லம்மா, சும்மா பாக்கறோம்' என்று சொல்லியிருக்கிறாள்!

சுவரோரம் நின்றிருந்த ரூக்கியா விம்ம ஆரம்பித்தாள். "நான்தானே தொறந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் தொறந்துவிட்டேன். டீ வேற போட்டுக் குடுத்தேன். உனக்கும் தெரியும்னு நெனச்சேம்மா."

கிப்வானா மகளைத் தொடப் போனான். அவள் நகர்ந்துகொண்டாள். அன்று பயறு அடிப்பிடித்துப்போனது. யாரும் சாப்பிடவில்லை. மீனைப் பூனை இழுத்துக்கொண்டு போனதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

அந்த வாரமே அதுமானி டாங்காவிலிருந்து ஒரு சாக்கு ஆரஞ்சுப்பழத்தோடு வந்து இறங்கினார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. வேறொரு ஆள் வாங்கத் தயாராக இருந்தார், சம்மதம் மட்டும்தான் பாக்கி. பெண்சாதியின் சம்மதம் இல்லாமல் தான் விற்பனைப் பத்திரத்தில் முத்திரை போடமாட்டேன் என்று தெருத் தலைவர் செலெமானி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எல்லோரும் அவருடைய ஆபீசுக்குப் போனார்கள். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்ததால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. வாசலில் மக்காமேவும் பிலியும் இன்னும் சிலரும் ஒதுங்கி நின்றார்கள்.

"நல்ல மருமக எங்க சலாமா," என்றார் அதுமானி. "தொழில் தெரிஞ்ச பொண்ணு. விலை நல்ல விலைன்னு அவளுக்கே தெரியும். போட்டுடும்மா கையெழுத்தை."

"சம்மதமாம்மா?" என்றார் செலெமானி.

"என்னை இன்னும் யாரும் கேக்கலையே, தலைவரே."

"நான்தான் கேக்கறேனே."

"நீங்க கேட்டாப் போதாது. இவரு கேக்கணும். ஊரு முழுக்கச் சொன்னாரு. இலாலாக்காரனுக்குச் சொன்னாரு. பொண்ணுக்குப் பொய்யாவது சொன்னாரு. எனக்கு மட்டும் இதுவரைக்கும் ஒரு வார்த்தை இல்ல. என் பேரைச் சொல்லி, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

"இது என்ன விளையாட்டு?" என்றார் அதுமானி. "சொல்லித் தொலைடா."

கிப்வானா எழுந்தான். உதடு அசைந்தது.

"மழைச் சத்தத்துல கேக்கலப்பா," என்றார் செலெமானி.

அவன் மறுபடி வாயைத் திறந்தான். கடலுக்குக் கேட்கிற குரல் அது. ஆனால் அந்தச் சின்ன அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் வரவில்லை. நெற்றியில் வியர்வை அரும்பியது. வாசலில் நின்றவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த சலாமாவுக்கே, போதும், விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. விடவில்லை.

"சலாமா," என்றான் கடைசியில். ரூக்கியா பிறந்ததிலிருந்து அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சலாமா. நான் நம்ம வீட்டை விக்கப் போறேன். உனக்குச் சம்மதமா?"

"சம்மதமில்ல," என்றாள் சலாமா.

செலெமானி முத்திரையை எடுத்து மேசைக்குள் வைத்தார்.

"இவ்ளோதாங்க. அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

அதுமானி மேசையில் அடித்தார். "பாதி என்னுதுடி!"

"பாதி உங்களுதுதான், மச்சான். யாரு இல்லேன்னா? அளந்து எடுத்துக்குங்க. அந்தப் பாதியில பஸ் வாங்குங்க, கப்பல் வாங்குங்க. மிச்சப் பாதியில நான் இருக்கேன்."

ஆரஞ்சுச் சாக்கைத் திரும்பத் தூக்கிக்கொண்டுதான் அதுமானி கிளம்பினார். கிப்வானாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் அவள் சொன்னபடியே அதுமானி தன் பாதியை விற்றார். அதற்குத் தரகு சலாமாவேதான் பார்த்தாள். வேறு யாருக்கு விட்டுக்கொடுப்பாள்? வாடகைக்கு இருந்த இரண்டு குடும்பத்துக்கும் பக்கத்துத் தெருவில் அறை பார்த்துக் கொடுத்தாள். வாங்கின துணிக்கடைக்காரர் கொத்தனாரைக் கூட்டிவந்து நடையின் நடுவில் கல் அடுக்கிச் சுவர் எழுப்பினார். ரூக்கியா தாயின் அறையில் பாய் போட்டுக்கொண்டாள், கிப்வானா முன்னறைக்குப் போனான். மிஞ்சிய நடையில் ஓர் ஆள்தான் போகலாம். எதிரில் ஒருத்தர் வந்தால் மற்றவர் பின்வாங்கி நிற்க வேண்டும். பின்வாங்குவது எப்போதும் கிப்வானாதான்.

மக்காமேயோடு அவள் பழையபடி பேச ஆரம்பிக்க அடுத்த நோன்பு வந்துவிட்டது. வீடு காட்டுகிற தொழிலை அவள் விடவில்லை. ஆனால் விற்கிறவன், வீட்டுப் பொம்பளைக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று சொன்னால், அந்த வீட்டுப் படியை மிதிப்பதில்லை. அதனால் அவளுக்கு வியாபாரம் குறைந்தது என்று பிலி சொல்வாள். குறைந்ததுதான்.

கிப்வானா மாறிப்போனான். எதையும் சொல்லாமல் செய்வதில்லை. "சலாமா, நான் சந்தைக்குப் போறேன்." "சலாமா, முடி வெட்டிக்கப் போறேன்." "சலாமா, பள்ளிவாசலுக்குப் போயிட்டு அப்படியே உப்பு வாங்கிட்டு வரேன்." அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். அவளும் சில நாள் சிரித்துவிடுவாள். "சரி, போயிட்டு வாங்க," என்பாள்.

ஒரு நாள் சாயங்காலம் ரூக்கியாவுக்குப் பின்னிக்கொண்டிருந்த தலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தாள் சலாமா. "சலாமா, ஒரு டீ குடிச்சிட்டு வரேன்," என்று அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தான் கிப்வானா. அவள் நடையில் ஒருக்களித்து நடந்து, வாசல்கதவை விரலகலம் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தாள். அவன் தெருமுனைவரை நடந்தான். வேப்பமரத்தைத் தாண்டினான். பிலியின் கடை பெஞ்சில் உட்கார்ந்தான். பிலி கோப்பையை நீட்டுவதும், அவன் இரண்டு கையாலும் வாங்கி ஊதிக் குடிப்பதும் தெரிந்தது.

"அப்பா எங்க போறாரு?" என்று உள்ளேயிருந்து ரூக்கியா கேட்டாள்.

"டீ குடிக்கத்தான்," என்றாள் சலாமா. அவன் குடித்து முடிக்கும்வரை கதவை மூடவில்லை.